ஒருத்திக்காகப் பதினொரு பேர் ஓடினார்கள்

நான் உடற்கல்வி இயக்குநராக வேலைக்குச் சேர்ந்த பெண்கள் கல்லூரி, தஞ்சாவூருக்கு வெளியே, இரண்டு பக்கமும் வயல் இருக்கும் சாலையில் இருந்தது. வாலிபால் கோர்ட் என்று எனக்குக் காட்டியது ஒரு சிமெண்ட் களம். குறுவை அறுப்பு முடிந்ததும் பக்கத்து ஊர்க்காரர்கள் அதில் நெல் காயப்போடுவார்கள். நிர்வாகத்துக்கு வேண்டியவர்கள் என்பதால் நான் வாய் திறக்க முடியாது. அவர்கள் நெல்லை அள்ளிக்கொண்டு போன பிறகு நாங்கள் பெருக்கிவிட்டு ஆடுவோம். நெல்லின் சுணை ஒட்டிக் கையும் காலும் அரிக்கும். சொறிந்துகொண்டே சர்வீஸ் போடுவார்கள்.

முதல் மூன்று வருஷமும் முதல் சுற்றிலேயே தோற்றோம். தோற்றது கூடப் பரவாயில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸின் பின் சீட்டில் உட்கார்ந்து பெண்கள் பாட்டுப் பாடிக்கொண்டு வருவார்கள். ஒருத்தி முகத்திலும் வருத்தம் இருக்காது. எனக்கு அது பொறுக்கவில்லை. நான் ஆடிய காலத்தில் ஒரு செட் தோற்றாலே எனக்குச் சோறு இறங்காது. இவர்கள் பாட்டை நிறுத்த வேண்டும் என்று நினைத்தேன். நிறுத்தியும் விட்டேன்.

நாலாவது வருஷம் ஒரு விதி கொண்டுவந்தேன். அணியில் பன்னிரண்டு பேர். பயிற்சியில் யாராவது ஒருத்தி சர்வீஸை நெட்டில் அடித்தாலோ, வெளியே அடித்தாலோ, மற்ற பதினொரு பேரும் களத்தைச் சுற்றிப் பத்து ரவுண்டு ஓட வேண்டும். தப்புச் செய்தவள் ஓடக் கூடாது. களத்தின் நடுவில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டு அதில் அவளை உட்கார வைப்பேன். கையில் ஒரு பாட்டில் குளிர்ந்த தண்ணீர் கொடுத்து, அவர்கள் ஓடி முடிக்கும்வரை குடிக்கச் சொல்வேன்.

இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. நானாகவே யோசித்தது. அந்தக் காலத்தில் அதில் எனக்குக் கொஞ்சம் பெருமை கூட இருந்தது.

பலன் உடனே தெரிந்தது. பாட்டு நின்றது. ஒருத்தி சர்வீஸ் போடப் போனால் மற்றவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவளையே பார்த்தார்கள். அந்த வருஷம் காலிறுதிவரை போனோம். நிர்வாகம் புது நெட் வாங்கிக் கொடுத்தது. நெல் காயப்போடுகிறவர்களையும் வேறு இடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள்.

அதற்கு அடுத்த வருஷம்தான் பூதலூர்ப் பக்கத்திலிருந்து அந்தப் பெண் வந்து சேர்ந்தாள். நல்ல உயரம். நெட்டுக்கு மேலே இரண்டு கையையும் தூக்கினால் எதிர்ப்பக்கத்துக்காரி எங்கே அடிப்பது என்று தெரியாமல் நிற்பாள். ஊருக்கு வெளியே காலனியில் வீடு. அவளுடைய அப்பாவும் அம்மாவும் நடவு, அறுப்பு என்று கூலி வேலைக்குப் போனவர்கள். பிறகு ஒன்றரை ஏக்கர் சொந்தமாக வாங்கி உழுதார்கள். அந்தக் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் அவள். அதிகம் பேச மாட்டாள். கூப்பிட்டால் ஓடி வந்து நிற்பாள்.

அவளுக்குச் சர்வீஸ் மட்டும் வரவில்லை. பந்தைத் தூக்கிப் போடும்போதே கை நடுங்கும். மூன்றுக்கு ஒன்று நெட்டில் மாட்டும். ஆகவே அந்த வருஷம் அணி ஓடியதெல்லாம் பெரும்பாலும் அவளுக்காகத்தான். பதினொரு பேர் அவளைச் சுற்றிச் சுற்றி ஓடினார்கள். அவள் ஸ்டூலில் உட்கார்ந்து தண்ணீரை விழுங்கிக்கொண்டிருந்தாள்.

ஒரு நாள் பயிற்சி முடிந்ததும் எங்கள் செட்டர் என் அறைக்கு வந்தாள். பந்தைத் தூக்கிக் கொடுக்கிறவள் அவள்தான். கடற்கரைப் பக்கத்து ஊர், அவள் அத்தா துபாயில் கடை வைத்திருந்தார். அவள் கையைப் போல மிருதுவான கையை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை.

"மேடம், ஞாயித்துக்கிழமை மெஸ்ஸுல என்ன நடக்குதுன்னு தெரியுமா உங்களுக்கு?" என்றாள்.

"என்ன நடக்குது?"

"அந்த வாரம் பூதலூர்க்காரி எத்தன சர்வீஸ் விட்டாளோ, அத்தன பேரோட எச்சத் தட்டுலேருந்து அவ ஒவ்வொரு வாய் சாப்பிடணும். கேப்டன் அக்கா வெச்ச ரூலு."

நான் அட்டெண்டன்ஸ் நோட்டை மூடி வைத்தேன்.

"மத்தவங்க விட்டா திட்டுறதோட சரி. இவ விட்டா மட்டும் எச்சச் சோறு. ஏன்னு உங்களுக்கும் தெரியும் மேடம்."

எனக்குத் தெரியும். அப்போதே தெரியும். இந்த ஜில்லாவில் வளர்ந்த யாருக்கும் அதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

"நான் பாக்கறேன், நீ போ" என்றேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஹாஸ்டல் மெஸ்ஸுக்குப் போனேன். உள்ளே போகவில்லை. கதவுக்குப் பக்கத்தில் நின்றேன். கோழிக் குழம்பு நாள். மேஜையைச் சுற்றி என் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவள் மட்டும் நின்றுகொண்டிருந்தாள். கேப்டன் தன் தட்டை அவள் பக்கம் தள்ளினாள். குழம்பில் பிசைந்து பாதியில் விட்ட சோறு. ஓரத்தில் சப்பிப் போட்ட எலும்பு, மென்று துப்பிய முருங்கைச் சக்கை. அவள் அந்தச் சோற்றில் ஒரு வாய் எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். யாரோ கை தட்டினார்கள். செட்டர் தன் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

நான் உள்ளே ஒரு அடி வைத்திருந்தால் போதும். மேஜை பத்தடி தூரம்தான். நான் வைக்கவில்லை. அந்த வாரம் அவள் சர்வீஸ் முன்னைவிடத் தேறியிருந்தது. இருபதுக்கு இரண்டுதான் நெட்டில் பட்டது. கதவருகில் நின்ற நேரத்தில் என் மனதில் ஓடிய கணக்கு அதுதான். இதை எழுதும்போதும் என் வாயில் எதுவோ புளித்துக்கொண்டு வருகிறது.

திரும்பி வந்துவிட்டேன். மறுநாள் செட்டர் வந்து கேட்டபோது, "டீமுக்குள்ள நடக்கறது டீமுக்குள்ளயே இருக்கட்டும்" என்றேன். அவள் தன் ஜெர்சியை மடித்து என் மேஜைமேல் வைத்துவிட்டுப் போனாள். பிறகு கோர்ட் பக்கமே வரவில்லை. வீட்டில் ஆட விடவில்லை என்று எல்லோரிடமும் நான்தான் சொன்னேன். முஸ்லிம் குடும்பம் என்பதால் எல்லோரும் அதை உடனே நம்பினார்கள். அந்தப் பொய்யும் என்னுடையதுதான்.

வேறொரு செட்டரைத் தயார் செய்தேன். அந்த வருஷம் பல்கலைக்கழகக் கோப்பையை ஜெயித்தோம். கடைசி செட்டில் பூதலூர்ப் பெண் தொடர்ந்து ஐந்து சர்வீஸ் போட்டாள். ஒன்றுகூடத் தவறவில்லை. நான் ஓடிப் போய் அவளைக் கட்டிப்பிடித்தேன். அவள் கட்டை மாதிரி நின்றாள். மேட்சுக்கு முன்னால் கழிப்பறையில் வாந்தி எடுத்திருந்தாள். அந்த வாடை அவள் மேல் இருந்தது. பதற்றம் என்று சொல்லிக்கொண்டோம்.

அதற்குப் பிறகு வரிசையாகக் கோப்பைகள். என் பெண்கள் ரயில்வேயிலும் போலீஸிலும் அரசு அலுவலகங்களிலும் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்குப் போனார்கள். கல்லூரி வாசலில் என் படம் போட்ட பேனர் வைத்து அட்மிஷன் பிடித்தார்கள். 'கட்டுக்கோப்பான அணியை உருவாக்கியவர்' என்று அதில் இருந்தது.

போன வருஷம் எனக்குப் பாராட்டு விழா எடுத்தார்கள். பழைய மாணவிகள் மேடையில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அந்தக் கேப்டன் இப்போது ஒரு தனியார் பள்ளியில் விளையாட்டுத் துறைக்குப் பொறுப்பு. மைக்கைப் பிடித்தால் விடமாட்டாள். ஸ்டூல் கதையைச் சொன்னாள். அரங்கம் சிரித்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"எங்க டீம்ல ஒருத்திக்கு சர்வீஸே வராது. அதனால நாங்க என்ன பண்ணோம்னா, எங்க எச்சிச் சோத்த அவளுக்கு ஊட்டி ஊட்டி சர்வீஸ் வர வெச்சோம். அவ்ளோ பாசம் எங்களுக்குள்ள! இதோ, அவளே இங்க உக்காந்திருக்கா, கேளுங்க!"

எல்லோரும் திரும்பி அவளைப் பார்த்தார்கள். வரிசையில் மூன்றாவது நாற்காலி. பட்டுப்புடவை கட்டியிருந்தாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கை தட்டல் எழுந்தது. கல்லூரி முதல்வர் மைக்கை வாங்கி, "இதுதான் டீம் ஸ்பிரிட். இந்தக் காலத்துப் பிள்ளைங்க கத்துக்கணும்" என்றார். கேப்டன் விடாமல், "நானும் எங்க ஸ்கூல் பிள்ளைங்களுக்கு இதே ட்ரீட்மென்ட்தான் குடுக்கறேன்" என்றாள். எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். ஜரிகை கழுத்தில் குத்தியது. ஏற்புரையில் எல்லோருக்கும் நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். அதைத் தவிர ஒரு வார்த்தை நான் சொல்லவில்லை. சாப்பாட்டுக் கூடத்தில் இலைகளில் மீந்து கிடந்த பிரியாணியைப் பார்த்ததும் வெளியே போய்விட்டேன்.

இரண்டு வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை, பூதலூர்ப் பெண்ணுக்குப் போன் செய்துவிட்டு, குத்தாலத்தில் இருக்கும் அவள் வீட்டுக்குப் பஸ் ஏறினேன். அவள் சீர்காழியில் ஒரு அரசு அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். கணவரும் அரசு வேலை. சின்ன மாடி வீடு. டீ கொண்டுவந்து வைத்தாள். ஏதாவது ஒரு சிபாரிசுக்கு வந்திருக்கிறேன் என்று நினைத்திருப்பாள் போல. "சொல்லுங்க மேடம்" என்றாள்.

"அன்னிக்கு மேடையில நீ ஏம்மா சிரிச்சே?"

"அத்தன பேரும் என்னப் பாத்தாங்க. வேற எப்படி மூஞ்சிய வெச்சுக்கறது?" என்றாள்.

"எனக்கு அப்பவே தெரியும்மா. நான்..."

"தெரியும் மேடம். நீங்க கதவுகிட்ட நின்னீங்க. பச்சை டிராக் பேன்ட் போட்டிருந்தீங்க."

நான் டீக் கிளாஸைக் கீழே வைத்தேன்.

"நான் உங்களப் பாத்துட்டேன். நீங்க உள்ள வருவீங்கன்னு அந்த ஒரு வாய அப்படியே வாயில வெச்சிருந்தேன். துப்பச் சொல்லுவீங்கன்னு நெனச்சேன். நீங்க போயிட்டீங்க. அப்புறம் முழுங்கிட்டேன்."

மன்னித்துவிடு என்று சொன்னேன்.

"வேணாம் மேடம். நீங்க கேட்டா, பரவால்லன்னு நான் சொல்லணும். எனக்கு அது வாயில வராது." குரலை உயர்த்தாமல்தான் சொன்னாள். டீக் கிளாஸை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். திரும்பி வந்து, "அவங்க ஸ்கூல் பிள்ளைங்களுக்கும் அதே பண்றேன்னு சொன்னாங்களே, அத நீங்க கேட்டீங்கதானே? அதுக்கு என்ன பண்ணீங்க?" என்றாள்.

ஒன்றும் செய்யவில்லை. அதை அவளிடம் சொன்னேன். அவள் தலையாட்டினாள். என்னிடம் வேறொன்றும் எதிர்பார்த்ததாகத் தெரியவில்லை. வாசல்வரை வந்து, பஸ் எந்தப் பக்கம் வரும் என்று காட்டினாள்.

மறுநாள் கேப்டனுக்குப் போன் செய்தேன். பிள்ளைகளை அப்படிச் சாப்பிட வைக்கிறாயா என்று நேராகவே கேட்டேன்.

"என்ன மேடம் இப்படிக் கேக்கறீங்க? நீங்க சொல்லிக்குடுத்ததுதானே?" என்றாள்.

"எச்சச் சோறு நான் சொல்லிக்குடுக்கல."

"ஸ்டூலு நீங்க போட்டதுதானே மேடம்? மீதிய நாங்க செஞ்சோம். நீங்க ஒரு நாளும் வேணாம்னு சொல்லலையே." சிரித்துக்கொண்டேதான் பேசினாள். அதில் பொய் ஒன்றும் இல்லை. எனக்கு அவள்மேல் வந்த அருவருப்பு பாதி வழியிலேயே என் பக்கம் திரும்பிவிட்டது.

முன்கூட்டிச் சொல்லாமல் அவள் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். காலைப் பயிற்சி நேரம். ஆறாவது, ஏழாவது படிக்கிற பெண் குழந்தைகள் மைதானத்தைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தார்கள். நடுவில் ஒரு குழந்தை, கால் தரையில் எட்டாமல், ஸ்டூலில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. கன்னமெல்லாம் உப்பிப் போய், குடிக்க முடியாமல் தண்ணீர் சட்டையில் வழிந்தது. ஓடுகிற பிள்ளைகள் அதைக் கடக்கும்போதெல்லாம் எதுவோ சொல்லிக்கொண்டு போனார்கள். என்ன சொன்னார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை. நான் நடந்து போய் அந்தக் குழந்தையின் கையிலிருந்து பாட்டிலை வாங்கிக்கொண்டேன். கேப்டன் ஓடிவந்து, "மேடம், வாங்க வாங்க" என்று என் காலைத் தொட்டாள்.

பள்ளித் தாளாளரிடம் எழுதிக் கொடுத்தேன். நான் செய்தது, மெஸ்ஸில் நான் பார்த்தது, பார்த்துவிட்டு வந்தது எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவர் படித்துவிட்டு, "உங்க ஸ்டூடன்ட்டுன்னுதான் அவங்கள வேலைக்கே எடுத்தோம்" என்றார். அதில் கோபம்கூட இல்லை, ஏமாந்துபோன குரல். இரண்டு மாதம் கழித்து விசாரித்தேன். ஸ்டூலை எடுத்துவிட்டார்களாம். பிள்ளைகளை ஒன்றாகச் சாப்பிட விடுவதில்லையாம். கேப்டன் அங்கேயேதான் இருக்கிறாள். என் போனை எடுப்பதில்லை.

அதே கடிதத்தின் நகலை எங்கள் முதல்வரிடமும் கொடுத்தேன். "இதெல்லாம் எதுக்கு மேடம் இப்ப? உங்களுக்குத்தான் அசிங்கம்" என்றார்.

"ஆமா சார். அசிங்கம்தான்" என்றேன்.

என் அணியில் இப்போது அந்த விதி இல்லை. சர்வீஸ் தவறினால் தவறியவளே இன்னும் பத்து போட்டுப் பழக வேண்டும், அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மெஸ்ஸில் அவர்களோடு உட்கார்ந்து சாப்பிடுகிறேன். பெண்களுக்கு அது பிடிக்கவில்லை, என்னால் அவர்களுக்குப் பேச்சு நின்றுபோகிறது. இந்த வருஷம் இரண்டாவது சுற்றில் தோற்றோம். நிர்வாகம் காரணம் கேட்டு எழுதியிருக்கிறது. இன்னும் பதில் கொடுக்கவில்லை.