வாப்பாவின் மீற்றரும் என் மின்சாரக் காரும்

வீட்டு மின்சாரப் பாவனையாளர் ஒருவர் மின்சார சபையிடம் எழுத்துமூலம் கேட்டால், நேரத்துக்கேற்ற கட்டண முறைக்கு அவரை மாற்ற வேண்டும். முடியாவிட்டால் காரணத்தை எழுத்திலேயே அறிவிக்க வேண்டும். இதுதான் விதி. கச்சேரியில், அதாவது மாவட்ட அரசாங்க அலுவலகத்தில், பிரதம இலிகிதராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். விதி இருப்பதால் அதன்படி நடப்பார்கள் என்று நம்பும் அப்பாவி அல்ல. ஆனாலும் ஹஜ்ஜுப் பெருநாளுக்கு அடுத்த வாரம் விண்ணப்பித்தேன்.

கார் வாங்கியது என் மனைவிக்காக. இரத்தோட்டையில் இருந்த அவளுடைய ராத்தா, அதாவது மூத்த சகோதரி, பாரிசவாதத்தில் விழுந்து வலது கை இயங்காமல் கிடந்தார். தினமும் பயிற்சி கொடுத்தால்தான் கை மீளும் என்றார் வைத்தியர். பிள்ளை இல்லாத அவருக்கு அதைச் செய்ய என் மனைவியை விட்டால் ஆளில்லை. அவளுக்கோ முழங்கால் வலி, பஸ் படி ஏறமாட்டாள்.

"வீட்டுலயே சார்ஜ் பண்ணலாம் சேர், செலவே தெரியாது" என்றார் காரை விற்றவர்.

முதல் மாதப் பில்லில் தெரிந்தது. வீட்டு மின்சாரத்தில் பாவனை கூடக் கூட யூனிட்டின் விலையும் ஏறும். கார் எங்களைக் குளிரூட்டிய மாளிகைக்காரர்களின் வரிசையில் கொண்டுபோய் நிறுத்தியது. நேரத்துக்கேற்ற முறைக்கு மாறினால் பின்னிரவு மின்சாரம் மலிவு. அதற்குத்தான் விண்ணப்பம்.

மின்சார சபைக் கவுண்டரில் இருந்த பெண் அதைப் புரட்டிப் பார்த்தார்.

"கணக்கு யாரு பேருல இருக்கோ அவங்கதான் கையெழுத்துப் போடணுங்க சேர்."

"அது என் வாப்பா. மௌத்தாகி வருஷக்கணக்காச்சு."

"அப்ப பேர மாத்திட்டு வாங்க. கூடப்பொறந்தவங்க சம்மதக் கடிதம் வேணும்."

குடியிருப்பவரே விண்ணப்பிக்கலாம் என்ற பிரிவை எடுத்துக் காட்டினேன்.

"அந்தப் பிரிவு எங்க ஒப்பீசுக்கு இன்னும் வரலைங்க சேர்" என்றார், தபாலில் வரவேண்டிய பார்சலைப் பற்றிச் சொல்வதுபோல. விண்ணப்பத்தை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டார்.

எங்கள் பக்கத்தில் இறந்துபோன தகப்பனின் பெயரை மின்சாரப் பில்லிலிருந்து யாரும் எடுப்பதில்லை. எடுத்தால் வீடு யாருக்கு என்ற கேள்வி எழும். மாத்தளை நகரில் பாதி வீடுகளுக்கு மையவாடியில் அடங்கியிருப்பவர்கள்தான் இன்னும் பாவனையாளர்கள். இருந்தும் கடை வைத்திருக்கும் என் தம்பியிடம் போனேன்.

"நானா, நீங்க கரண்ட் பில்லுல தொடங்கி காணி உறுதியில முடிப்பீங்க. கச்சேரி மூளை எனக்குத் தெரியாதா?"

"ஒரு கையெழுத்துடா."

"ஒரு கையெழுத்துல போன வீடு எத்தன தெரியுமா?" என்று சொல்லிவிட்டு எனக்கு பிளேன்டீ சொன்னான்.

ஆகவே பொது இடத்தில் வேக சார்ஜ். அது கண்டி வீதியில், சுற்றுலாப் பயணிகளுக்குத் தைலம் விற்கும் ஒரு ஸ்பைஸ் கார்டனில் இருந்தது. யூனிட்டின் விலை எங்கள் வீட்டின் உச்ச விலையையும் தாண்டியது. கார் மின்சாரம் குடிக்கும் நேரத்தில் நம்மைச் சும்மா இருக்க விடமாட்டார்கள். கழுத்துப்பட்டி கட்டிய வழிகாட்டி ஒருவர் ஒரு கொடியைத் தொட்டுக் காட்டினார்.

"இதுதான் சேர் மிளகு."

"அப்படியா? எங்க வீட்டுப் பின்னால நிக்கிறத இவ்வளவு நாளும் பாகற்கொடின்னு நெனச்சிட்டேன்."

அவர் சிரிக்கவில்லை. என் வழுக்கைத் தலையில் முடி வளரும் தைலம் தேய்த்தார். என் மனைவிக்குக் கறுவாப்பட்டைத் தேநீர் கொடுத்தார். கதிரையில் உட்கார்ந்து ஒருவரின் தேநீரைக் குடித்துவிட்டு வெறுங்கையோடு எழும்புவது அவள் பிறந்த குடும்பத்தில் இல்லாத பழக்கம். ஒவ்வொரு சார்ஜுக்கும் ஒரு போத்தல் வீட்டுக்கு வந்தது. வீட்டுச் சார்ஜையும் வேக சார்ஜையும் ஒப்பிட்டு எழுதுகிற நிபுணர்கள் எவரும் தைலத்தைக் கணக்கில் சேர்ப்பதில்லை. நான் சேர்த்துப் பார்த்தேன். அந்த விலைக்கு வாடகை வான் பிடித்து, சாரதிக்குப் பகல் சாப்பாடும் வாங்கிக் கொடுக்கலாம்.

தினமும் போனது ஒருநாள் விட்டு ஒருநாள் ஆனது. பிறகு வாரத்துக்கு இருமுறை. ராத்தாவின் விரல்கள் மறுபடி உள்ளே மடங்கத் தொடங்கின. ஒருநாள் இரத்தோட்டையிலிருந்து திரும்பினோம். வீட்டு வாசலில் இறங்கும்போது என் மனைவி சொன்னாள்.

"இஞ்ச பாருங்க, ஒங்கட விதி வாற வரைக்கும் அந்தக் கை காத்திருக்காது."

அடுத்த நாளே ராத்தாவை அழைத்து வந்து முன்னறையில் கட்டில் போட்டாள். காலையும் மாலையும் பயிற்சி நடந்தது. நடைமுறை தெரிந்த நான் மாதக்கணக்கில் சாதிக்காததை அவள் ஒரு பயணத்தில் முடித்துவிட்டாள். காருக்கு உறை போட்டோம். அதற்குப் பிறகு அது பெரும்பாலும் பூனைகளுக்குத்தான் பயன்பட்டது.

பதில் வந்தது, வாப்பாவின் பெயருக்கு. அவருடைய கோரிக்கை ஏற்கப்பட்டுவிட்டதாம். மீற்றர் மாற்ற வரும்போது அவர் தவறாமல் வீட்டில் இருக்க வேண்டுமாம். கடித உறையை நான் திறக்கவில்லை. ராத்தா இடது கையால் அதை மடியில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, வலது கை விரல்களால் மெல்ல மெல்ல, ஓரம் கோணாமல் கிழித்தார். அந்தக் காரியாலயத்தால் எங்கள் வீட்டுக்கு விளைந்த பயன் அவ்வளவுதான். அன்று ரமழான் நோன்பு பதினேழு; விண்ணப்பித்து ஒன்பது மாதம்.