கொடி ஏறியபின் தின்ற மாலுபாண்

ஆலங்குடாக் கடற்கரைக்குப் போகும் வழியில் ஒரு பலகை நிற்கிறது. கடலோரத்தைத் தாண்டினால் உடம்பை மூடி நடக்கும்படி மூன்று மொழிகளில் கேட்டுக்கொள்கிறது. போன கிழமை அதன்மேல் ஒரு வெள்ளைக்காரர் ஈரத் துவாயைக் காயப்போட்டிருந்தார். பக்கத்துக் கடைக்காரரிடம் கேட்டேன். "காத்துக்குப் பறக்காம இருக்கட்டுமெண்டு நான்தான் கல்லு வெச்சன்" என்றார்.

அவருடைய கண்ணாடிப் பெட்டியில் மாலுபாண் அடுக்கியிருந்தது. மீன் அடைத்த அந்தப் பணிஸின் மிளகு வாசனை பட்டால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல்தான் வரும்.

அப்போது நான் பத்திரிகையில் சேர்ந்த புதிது. முந்தலுக்குக் கிட்ட எங்கள் ஊர். கோயிலில் திருவிழாக் கொடி ஏறினால், இறங்கும்வரை மீன்பிடிக்கிறவர்களே மீன் தொடமாட்டார்கள். இந்தக் கட்டுப்பாடு ஊர் எல்லையோடு முடிகிறது என்பது என் சொந்த வியாக்கியானம். அந்தத் தைரியத்தில் முந்தல் பஸ் தரிப்பில் நின்று ஒரு மாலுபாண் தின்றேன். நாலு கடி. ஊர்க்காரர் ஒருவர் பஸ்ஸுக்குள் இருந்து பார்த்துவிட்டார்.

பின்னேரம் கோயில் சபைக்காரர் வந்து வாசலிலேயே நின்றார். என்னை அவர் பார்க்கவேயில்லை. அக்காவின் கணவரிடம்தான் பேசினார். மகள் காய்ச்சலில் தப்பியதற்காக அத்தான் அந்த வருடம் தீ மிதிக்க நேர்ந்து, கையில் காப்பும் கட்டியிருந்தார்.

"இந்த முறை உங்கட வீட்டால ஒருத்தரும் தீயில இறங்க வேணாம்."

"அவன் திண்டதுக்கு நான் என்ன செய்யிறது அண்ணை?"

"ஒரு வீடெண்டா ஒரு உலைதானே."

அத்தான் காப்பைக் கழற்றிச் சாமிப்படத்தடியில் வைத்தார். என்னை ஏசவில்லை. "நல்ல ருசியோ?" என்று மட்டும் கேட்டார்.

புத்தளம் காரியாலயத்தில் நிஸ்தார் நானாவிடம் இதைச் சொன்னேன். தொண்ணூறில் முஸ்லிம்களை வெளியேற்றியபோது மன்னாரிலிருந்து வந்தவர், எங்கள் படப்பிடிப்பாளர். "நாங்க எண்டா நோம்பு நாளையில தேத்தண்ணிக் கடைக்குத் திரை போடுவம். உள்ளுக்கு இருக்கிறவன்ட காலு மட்டும் தெரியும். செருப்புல ஆள் பிடிபட்டாலும் வாய் திறக்கமாட்டம்" என்று சிரித்தார். சிரிப்பு அடங்கியதும், "ஆனா என்ட மகள் சைக்கிள்ல போனா, வீட்டுக்கு வந்து குறை சொல்ல மூணு பேர்" என்றார்.

எந்த ஊர் எதற்குக் கண்ணை மூடும், எதற்குத் திறக்கும் என்று ஒரு பட்டியல் அச்சடித்துத் தந்திருக்கலாம். அந்த நாலு கடியை விட்டுப் பசியோடே இருந்திருப்பேன்.

அத்தான் அடுத்த வருடம் மிதிக்கலாம் என்று சபையில் சொன்னார்கள். அதற்குள் கரையில் வள்ளம் இழுக்கையில் அவருடைய முழங்கால் போய்விட்டது.

இந்த வருடத் திருவிழாவிலும் கொடி பறந்தது. பாண் விற்கும் ஓட்டோ பாட்டுப் போட்டுக்கொண்டு எங்கள் தெருவுக்குள்ளேயே வந்தது. மாலுபாண் பத்து நிமிடத்தில் முடிந்தது. வாசலில் வந்து நிற்க அந்தச் சபைக்காரர் இப்போது இல்லை. அவர் இடத்துக்கு வந்தவரும் ஒரு பொட்டலம் வாங்கிப் போனார்.

அத்தான் கதிரையை விட்டு எழும்பவில்லை. "இப்ப தீயில இறங்க மறிக்கிறதுக்கு ஆளில்லை, என்ன?" என்றார், முழங்காலைத் தடவியபடி.