விருந்தாளி தூங்க வேண்டும்

மாடியில் இருந்த இரண்டு அறைகளையும் வெளியூர்க்காரர்களுக்கு நாள் வாடகைக்கு விடத் தொடங்கிய பிறகு, தெருவில் எல்லோரும் அவளை மாடியக்கா என்றே கூப்பிட்டார்கள். படுக்கை விரிப்பில் ஒரு சுருக்கம் இருந்தால் அவளுக்குச் சாப்பாடு இறங்காது. குளியலறைக் குழாயைத் துடைத்துவிட்டு, அதில் தன் முகம் தெரிகிறதா என்று குனிந்து பார்ப்பாள். காலையில் சூடாக முட்டை, ரொட்டி, காப்பி. குறை சொல்ல இனிமேல்தான் ஒருவர் பிறந்து வர வேண்டும் என்று நினைத்திருந்தாள்.

குறை வந்தது. அவள் வீட்டுக்காரர் வழியாகவே வந்தது.

அவர் இரவுப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். விடிந்த பிறகு ஒருவர் தூங்குவதைப் பார்த்தால் அவருக்குக் கை சும்மா இருக்காது. மாடிக்குப் போய் மோதிர விரலால் கதவு கதவாகத் தட்டி, "காப்பி, காப்பி! பத்து நிமிஷம் நிக்கும்!" என்று குரல் கொடுப்பார். புதுமணத் தம்பதியையும் அவர் விட்டுவைக்கவில்லை.

"அவங்க என்ன உங்க பஸ்ஸுலயா வந்தாங்க?" என்று அவள் தலையில் அடித்துக்கொள்வாள்.

"காசு கொடுத்து வந்தவங்க, காப்பியைத் தவறவிட்டா நமக்குத்தானே பாவம்?"

அறைகளைப் பதிவு செய்து தரும் இணையதளத்திலிருந்து எச்சரிக்கையும் வந்துவிட்டது. இன்னும் ஒரு புகார் வந்தால் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவார்களாம். அறைகள் காலியாகக் கிடந்தால் கொழுந்தன் தன் கடையின் பெயின்ட் டப்பாக்களைக் கொண்டுவந்து அடுக்கிவிடுவான். வீட்டில் அவனுக்கும் பங்கு உண்டு. "சும்மா கிடந்தா எனக்குக் கொடுங்க அண்ணி" என்று அவன் சொல்லும்போதெல்லாம், தான் தைத்துத் தொங்கவிட்ட திரைச்சீலைகளில் பெயின்ட் வழிவதுபோல அவளுக்குத் தோன்றும்.

அந்த நேரம் பார்த்து ஒரு நர்ஸ் வந்து சேர்ந்தாள். பக்கத்து ஆஸ்பத்திரியில் ஒரு வாரம் வேலை.

"அக்கா, எனக்கு ராத்திரி டியூட்டி. பகல்லதான் தூக்கம். சத்தம் மட்டும் வேண்டாம்."

"ஒரு ஈ பறக்காதும்மா. நான் பாத்துக்கறேன்."

மறுநாள் காலையில் நர்ஸ் வந்து கதவைச் சாத்தியதும், மாடியக்கா அந்தக் கதவுக்கு வெளியே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். வீட்டுக்காரர் தட்டோடு படியேறி வந்தார்.

"வெறும் வயித்தோட தூங்குதே பொண்ணு, ஒரு தட்டு தட்டிட்டு..."

"இன்னும் ஒரு படி ஏறினீங்கன்னா பாருங்க!" என்று குரலை அடக்கிக் கடிந்தாள்.

"காப்பி ஆறுது."

"ஆறட்டும்! உங்க வாய் ஆறுச்சுன்னா போதும்!"

பால்காரர் மணி அடித்தார். கைப்பிடிச் சுவருக்கு மேல் எட்டிப் பார்த்து, "உஷ்ஷ்!" என்றாள். எதிர்வீட்டில் துணி துவைத்தவளுக்கும் ஒரு உஷ். கொழுந்தன் போனில் கூப்பிட்டான். "தூங்குறாங்கப்பா, மெதுவாப் பேசு!" என்று அவனிடம் நாலு தடவை சொன்னாள். போனை வைத்துவிட்டுத் திரும்பினால் வீட்டுக்காரர் ரெண்டு படி முன்னேறியிருந்தார். மறுபடி முதலிலிருந்து தொடங்கியது.

கதவு திறந்தது. நர்ஸுக்குக் கண் இரண்டும் சிவந்திருந்தன.

"பாத்தீங்களா, எழுப்பிட்டீங்க!" என்று மாடியக்கா கணவர்மேல் பாய்ந்தாள்.

"அக்கா, சார் ஒண்ணும் பண்ணல. நீங்க உஷ் உஷ்னு சொல்றதுதான் கதவைத் துளைச்சுக்கிட்டு வருது."

வீட்டுக்காரர் முகம் மலர்ந்தது. "கேட்டியா?"

"சார், நீங்களும்தான். ரெண்டு பேரும் சாயங்காலம் வரைக்கும் எங்கயாவது வெளிய போயிட்டு வாங்களேன். உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

சொந்த வீட்டிலிருந்து இப்படித் துரத்தப்படுவோம் என்று மாடியக்கா கனவிலும் நினைத்ததில்லை. ஆனால் திரைச்சீலைகள் கண்முன் ஆடின. செருப்பை மாட்டிக்கொண்டாள். அந்த வாரம் முழுக்க இருவரும் பகலைப் பேருந்து நிலையத்து பெஞ்சில் கழித்தார்கள். அவர் பழைய சகாக்களோடு அரட்டை அடித்தார். அவள் மோட்டாரை நிறுத்தினோமா, பின்கதவைச் சாத்தினோமா என்று நெளிந்துகொண்டிருந்தாள்.

நர்ஸ் ஊருக்குப் போன பிறகு இணையதளத்தில் முழு நட்சத்திரங்களும் மின்னின. பட்டியலில் பெயர் தங்கியது. கொழுந்தன் வாயை மூடிக்கொண்டான். கீழே ஒரே ஒரு வரி இருந்தது: "வீட்டுக்காரர்கள் வெளியே போய்விட்டால் மிக அமைதியான இடம்."

அவள் அதை வாசித்து முடிப்பதற்குள் போன் அடித்தது. அறை கேட்டவர் வாடகையைக் கேட்கவில்லை, காலைச் சாப்பாட்டைக் கேட்கவில்லை.

"நாங்க வர்றப்ப நீங்க ரெண்டு பேரும் வெளிய போயிடுவீங்க இல்ல?" என்றார்.

மாடியக்கா பல்லைக் கடித்தாள். "போயிடுவோம்" என்றாள்.