மேடைக்காகக் காத்திருந்த விடுதிப் படிவங்கள்

எங்கள் பக்கத்தில் எதையும் சும்மா கையில் கொடுப்பதில்லை. மேடையில் வைத்தே கொடுப்பார்கள். அப்பியாசக் கொப்பியானாலும் மூக்குக்கண்ணாடியானாலும் அதற்கொரு பதாகை, ஒரு பிரதம அதிதி, ஒரு புகைப்படக்காரர் வேண்டும். இந்த வழக்கத்தை நெடுநாள் வெறும் அசட்டுத்தனம் என்றே நினைத்திருந்தேன். அது ஒரு பிள்ளையின் படிப்பையே விழுங்கக்கூடியது என்பதை, கொழும்பில் படிக்கத் தெரிவான ஆறு பேருக்கு எங்கள் நலன்புரிச் சங்கம் வழிகாட்டல் கருத்தரங்கு வைத்தபோதுதான் கண்டேன்.

நானும் கொழும்பில் படித்துத் திரும்பியவள் என்பதால் நிகழ்ச்சி நிரலின் கடைசியில் எனக்குப் பத்து நிமிடம் ஒதுக்கியிருந்தார்கள். அதற்கு முன் ஒன்பது உரைகள். எந்த பஸ்ஸில் ஏறுவது, சிங்களம் தெரியாமல் மருந்துக்கடையில் எப்படிக் கேட்பது என்பனவெல்லாம் அந்த ஒன்பது பேருக்கும் அற்ப விடயங்கள்.

கருத்தரங்கு நடக்கவிருந்த வாரத்தின் புதன்கிழமை, அந்த அறுவரில் ஒருத்தி உன்னிச்சைக் கிராமத்திலிருந்து என்னைத் தேடிக் கல்லடியிலுள்ள என் வீட்டுக்கு வந்தாள். தந்தை வேளாண்மை செய்பவர். கொழும்பில் அவர்களுக்கு உறவென்று எவருமில்லை. பல்கலைக்கழக விடுதியில் இடம் கிடைத்தால்தான் மகளை அனுப்புவேன் என்று அவர் முடிவாகச் சொல்லிவிட்டார்.

“அக்கா, விடுதிப் படிவம் வெள்ளிக்கிழமைக்குள்ள கொழும்புக்குப் போய்ச் சேரணுமாம். இன்னும் என்ட கையில தரல்ல.”

“ஆருக்கிட்ட இரிக்கு?”

“சங்கத் தலைவர் சேருக்கிட்ட. ஆறு பேர்ர படிவத்தையும் சங்கம்தான் எடுத்து வெச்சிரிக்கு. கிராம சேவகர் ஒப்பமெல்லாம் வெச்சாச்சு. ஞாயித்துக்கிழமை மேடையில தருவாங்களாம்.”

முந்தின வாரமே நடந்திருக்க வேண்டிய கூட்டம் அது. பிரதம அதிதிக்கு நேரமில்லை என்று தள்ளிவைத்தார்கள். படிவத்தின் முடிவு நாளை யாரும் தள்ளிவைக்கவில்லை.

அன்றே தலைவரின் வீட்டுக்குப் போனேன். அவர் ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர். படிவத்தைப் பற்றி அவருக்கு நான் சொல்லித் தரவேண்டியதில்லை என்றுதான் நினைத்தேன்.

“அவசரப்படாதீங்க தங்கச்சி. அதிதியின்ட கையால வாங்கினா அந்தப் புள்ளைக்குத்தானே பெருமை.”

“வெள்ளிக்குள்ள போகாட்டி அந்தப் புள்ள கொழும்புக்கே போகாது, சேர்.”

“அது சரி. ஆனா உறையெல்லாம் ஒட்டி, நாடாவும் கட்டியாச்சே.”

“உறை உங்களுக்கு. உள்ளுக்க இரிக்கிறது எனக்கு.”

அவர் முகம் தெளிந்தது. “அப்ப சரி. நாடாவ மட்டும் அறுத்துப் போடாதீங்க.”

ஆறு உறைகளையும் தாமே பிரித்துத் தந்தார். எனக்கு அருவருப்பூட்டியது அந்தத் தாராளம்தான். கெட்ட எண்ணம் கொண்டு தடுத்திருந்தால் அவரை ஒரு எதிரியாகவாவது மதித்திருப்பேன். அவருக்கோ உள்ளே இருந்தது ஒரு பொருட்டாகவே இருக்கவில்லை.

மற்ற ஐவரையும் தொலைபேசியில் அழைத்து அன்று மாலைக்குள் அவரவர் படிவத்தில் அவர்களின் ஒப்பத்தையும் வாங்கினோம். தபாலை நம்ப நேரமில்லை. வியாழன் இரவு அவளும் தந்தையும் ஆறு படிவங்களோடு பஸ் ஏறினார்கள். வெள்ளி முற்பகல் அவளே பல்கலைக்கழக அலுவலகத்தைத் தேடிப் பிடித்து, அத்தனையையும் கொடுத்துப் பற்றுச்சீட்டு வாங்கிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பிரதம அதிதி இரண்டு மணித்தியாலம் பிந்தி வந்தார். வெற்று உறையை அவளிடம் நீட்டியபடி கமராவைப் பார்த்தார்.

“இதுக்குள்ளதான் மகள், உங்கட எதிர்காலம் இரிக்கு.”

“ஓம், சேர்.”

சபை கைதட்டியது. ஒன்பது உரைகளிலும் ஊரை மறக்கக்கூடாது என்ற ஒன்றே சொல்லப்பட்டது. ஊரை விட்டுப் போவதற்கே ஊர் குறுக்கே நின்றதை ஒருவரும் சொல்லவில்லை. எனக்குரிய பத்து நிமிடம் மூன்றாகச் சுருங்கியது. அதையும் அவளிடமே கொடுத்தேன். கொழும்புக் கோட்டையில் எந்த பஸ்ஸுக்கு மாறுவது, அலுவலகத்தில் எந்த ஜன்னலில் நிற்பது என்று மற்றவர்களுக்கு அவள் சொன்னாள். அன்று முழுவதிலும் பிள்ளைகள் குறிப்பெடுத்த மூன்று நிமிடங்கள் அவை மட்டுமே.

விடுதிப் பட்டியல் வந்த அன்று சங்கத்தின் முகநூல் பக்கத்தில் அதிதி அவளுக்கு உறை கொடுக்கும் படம் மீண்டும் வந்தது, ‘எமது முயற்சியின் பலன்’ என்று. அதை நான் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் அவள் அழைத்தாள்.

“அக்கா, இடம் கிடைச்சிட்டு. அப்பா எனக்கு விடுதிக் கட்டிலுக்கு நுளம்பு வலை வாங்கப் போயிரிக்கார்.”