அப்பா வேணாம்னு சொன்ன கார்கள்

பழைய கார் விக்கிறவ வாயிலருந்து உண்மை வரும்னு யாரும் நம்புறதில்ல, ஆனா கார் வாங்க வர்றவங்க அவங்கவங்க வீட்டு உண்மையையெல்லாம் எங்ககிட்ட கொட்டிட்டுத்தான் போவாங்க. என் பேரு செல்வி. வேங்கிக்கால் பக்கம் ஒரு பழைய கார் யார்டுல சேல்ஸ் பாக்குறேன். முதலாளியை ஊரே பாய்னு கூப்பிடும், நானும் அப்படித்தான். எங்ககிட்ட வர்றவங்கள்ல பாதிப் பேரு தங்களுக்குன்னு கேக்க மாட்டாங்க. "எங்கம்மாவுக்கு மேடம்", "அப்பாவுக்கு மேடம், வெல கம்மியா இருக்கணும்"னுதான் ஆரம்பிப்பாங்க. அப்பா அம்மாவுக்குக் கார் தேடி அலையற பாவப்பட்ட ஜனங்களே, உங்க பேஜார் எனக்கு நல்லாத் தெரியும். நானும் உங்கள்ல ஒருத்திதான்.

நெலத்துல மல்லாட்டை போட்டு, நெல்லு போட்டு என்னை ஆளாக்கின எங்கப்பாவுக்குப் பக்கவாதம் வந்து இடது கையும் காலும் சுணங்கிப்போச்சு. இப்ப எங்க வீட்லதான் இருக்காரு. கோல் ஊனிக்கிட்டு வீட்டுக்குள்ள மெதுவா நடப்பாரு. ஆஸ்பத்திரில பயிற்சி குடுக்கிற பொண்ணு, "வாரா வாரம் தவறாம கூட்டியாங்கக்கா, விட்டுட்டா கால் அப்படியே இறுகிப்போயிடும், அப்புறம் நடக்கவே முடியாது"ன்னு கறாரா சொல்லிடுச்சு. ஒரே ஒரு தரம் ஆட்டோவுல போனாரு. எதிர்வீட்டு ஏழுமலையும் ஆட்டோக்காரரும் ஆளுக்கொரு பக்கம் புடிச்சுத் தூக்கி வெச்சாங்க. அன்னியோட சரி, கேட்டைத் தாண்டல.

ஆட்டோ குலுக்குது போலன்னு நான் நெனச்சேன். பாய்கிட்ட சொல்லி, நீளமா, சொகுசா ஒரு வெள்ளைக் காரை எடுத்துக்கிட்டுப் போய் வாசல்ல நிறுத்தினேன். அப்பா அவரோட பிளாஸ்டிக் நாற்காலில உக்காந்தபடியே கொஞ்ச நேரம் பார்த்தாரு. கிட்டகூட வரல. "வேணாம்மா. வெள்ளக் காரு வாங்கினா தெருநாய்ங்க மேல ஏறிப் படுத்துக்கும்!"

மேல ஒரு ஓட்டை

பெங்களூருல வேலை பாக்குற ஒரு தம்பி. அவரோட அப்பா ரிட்டயர்டு வாத்தியார், செங்கம் ரோட்டுல வீடு. கார் பாக்க அப்பா நேர்ல வந்திருக்காரு, புள்ளை வீடியோ கால்ல வந்திருக்காரு. போனைப் புடிக்கிற வேலை எனக்கு. "மேடம், டயரைக் காட்டுங்க, மேடம், டிக்கியைக் காட்டுங்க"ன்னு என்னைக் காரைச் சுத்திப் பிரதட்சணம் வர வெச்சுட்டாரு. வாத்தியாரை ஒரு வார்த்தை கேக்கணுமே? ஊஹூம்.

கடைசில புள்ளைக்கு ஒரு கார் புடிச்சுப்போச்சு. ஏன்னா அதுல சன்ரூஃப் இருக்கு. "அப்பா, பட்டனைத் தட்டினா மேல கண்ணாடி தொறக்கும்பா, மலையைப் பார்த்துக்கிட்டே போலாம்"னு அங்கருந்து குதிக்கிறாரு. இங்க சித்திரை மாச வெயிலு, தார் ரோடு உருகுது. வாத்தியார் தலையில போட்டிருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைச்சுக்கிட்டு, என் கையிலருந்த போனைப் பார்த்துச் சொன்னாரு. "டேய், வெயிலு தாங்கலன்னுதான்டா காரே கேட்டேன். நீ என்னடான்னா மேல ஓட்டை போட்ட கார வாங்கித் தரேங்கற!"

நடந்து வந்த அம்மா

சென்னையில இருக்கிற மகள், தண்டராம்பட்டுப் பக்கம் இருக்கிற அவங்கம்மாவுக்கு ஒரு சின்னக் கார் எடுத்தாங்க. முட்டி வலி, பஸ்ல நிக்க முடியல, அதான் காரணம். நல்ல நாள் பார்த்து டெலிவரி எடுக்கணும்னு அம்மா சொல்ல, மகள் சென்னையில யாரையோ கேட்டு ஒரு நாளைக் குறிச்சாங்க. பாய் தலையாட்டினாரு, நானும் தலையாட்டினேன். காலையில எலுமிச்சம்பழம் எல்லாம் வாங்கி வெச்சுட்டு ரோட்டைப் பாக்குறேன், போலீஸ்காரங்க தடுப்பு வெச்சு வண்டியெல்லாம் திருப்பிக்கிட்டு இருக்காங்க. பௌர்ணமி! அண்ணாமலையார் ஊருல பொழைப்பு நடத்திக்கிட்டு பௌர்ணமியை மறந்த ரெண்டு பேரு உண்டுன்னா அது நானும் பாயும்தான்.

கோயில் வாசல்ல பூசை போடாம வண்டி வீட்டுக்கு வரக்கூடாதுன்னு மகளோட வந்து நின்ன அம்மா ஒரே புடி. வண்டியோ யார்டை விட்டு நகர முடியாது. மகளுக்குக் கண்ணு கலங்கிப்போச்சு, எனக்கும் சங்கடமாப்போச்சு. அம்மா மட்டும் அசரல. செருப்பை யார்டுலயே கழட்டி வெச்சுட்டு, வந்ததுதான் வந்தோம்னு கிரிவலத்துக்குக் கெளம்பிட்டாங்க. முட்டி வலியோட அங்கங்க உக்காந்து எழுந்து மலையை முழுசா சுத்திட்டு, மறுநாள் காலையில காரை எடுத்துக்கிட்டுப் போக முகமெல்லாம் சிரிப்பா வந்தாங்க. "கார் வாங்கின அன்னிக்கே நடராஜா சர்வீஸ்ல போனவ இந்த ஜில்லாவுலயே நான் ஒருத்தியாத்தான் இருப்பேன்!"

ஏழு சீட்டு

இது சின்ன விஷயம்தான், ஆனா பெத்தவங்களுக்குப் பெரிய வண்டி வாங்கப் போறவங்க கேட்டுக்கணும். ரெண்டே பேரு இருக்கிற வீட்டுக்கு ஏழு பேரு உக்கார்ற வண்டியைக் காட்டச் சொன்னாரு ஒரு மகன். அவங்கப்பா விவசாயி, கலசபாக்கம் பக்கம். மகன் ஆபீஸ் ரூமுக்குள்ள போன சமயம் பார்த்து அந்தப் பெரியவர் என் பக்கத்துல வந்து கிசுகிசுன்னு சொன்னாரு. "இருக்கிறதுலயே சின்னதாக் காட்டும்மா. இத வாங்கினா எங்க ஊர் கல்யாணம், காது குத்து, கருமாதி எல்லாத்துக்கும் நான்தான் டிரைவரு!"

அதே வாரம் நான் எங்கப்பாவுக்கு ஒரு உசரமான பெரிய வண்டியை ஓட்டிக்கிட்டுப் போனேன். நீளமான வெள்ளைக் கார் புடிக்கல, உசரமானதாவது புடிக்குமான்னு பாக்கத்தான். ஆஸ்பத்திரிக்குப் போய் ரெண்டு மாசம் ஆயிடுச்சு. கால் விரலு உள்பக்கமா மடங்க ஆரம்பிச்சிருந்தது. எனக்கு ராத்திரி சோறு எறங்கல. அவரு அந்த வண்டியோட படியை மட்டும் கொஞ்ச நேரம் பார்த்துட்டு மூஞ்சியைத் திருப்பிக்கிட்டாரு. "வேணாம்மா. இதுல போனா எம்எல்ஏன்னு நெனச்சு மனு குடுக்க வந்துருவாங்க!"

எனக்குக் கோவம் வந்துடுச்சு. "உனக்கு இன்னாதாம்பா வேணும்?"னு கத்திட்டேன். அவரு கோலை ஊனிக்கிட்டு உள்ள போயிட்டாரு.

ரெண்டு கதவு

ஒரு அண்ணனும் தங்கச்சியும் அவங்கம்மாவைக் கூட்டிக்கிட்டு வந்தாங்க. அம்மாவுக்கு ரெண்டு முட்டியும் போச்சு. அண்ணன் உசரமான வண்டிதான் பாதுகாப்புன்னாரு. அந்தம்மா ஒரு காலைப் படில வெச்சாங்க, புடவை மாட்டிக்கிச்சு, மகனும், கூட வந்திருந்த மருமகனும் கைத்தாங்கலா தூக்கி உள்ள தள்ளினாங்க. தங்கச்சி தாழ்வான வண்டிதான் சரின்னாங்க. அதுல அந்தம்மா தொப்புனு உள்ள விழுந்துட்டாங்க, ஆனா வெளிய வர முடியல. கார் கழுவுற பையனையும் சேர்த்து மூணு பேரு புடிச்சு இழுத்தோம். ரோட்டுல போறவங்கல்லாம் நின்னு வேடிக்கை பார்த்தாங்க. அண்ணனும் தங்கச்சியும் மைலேஜைப் பத்திச் சண்டை போட்டுக்கிட்டாங்க.

நான் ஒரு நாற்காலியைக் கொண்டாந்து போட்டு, தண்ணி குடுத்து, "ரொம்ப வலிக்குதாம்மா?"ன்னு கேட்டேன். முந்தானையால முகத்தை மூடிக்கிட்டு அழுதாங்க. "வலியப் பொறுத்துக்குவேன் கண்ணு. நாலு பேரு பாக்க என்னை மூட்டையாட்டம் தூக்கிப் போடறாங்க பாரு, அதத்தான் தாங்க முடியல."

எனக்குப் பொட்டுல அடிச்ச மாதிரி ஆயிடுச்சு.

கலர் சரியில்லாத கார்

அன்னிக்கு வீட்டுக்குப் போனதும் அப்பாவையே பார்த்துக்கிட்டிருந்தேன். அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியிலருந்து அவரை யாரும் தூக்கிவிடறதில்ல. கைப்பிடியில வலது கையை ஊனி, தானே எழுந்திருக்காரு, தானே உக்கார்றாரு. அவரு தூங்கினப்புறம் நாற்காலியோட உசரத்துக்கு ஒரு நூலைப் புடிச்சு அறுத்துக்கிட்டேன். மறுநாள் யார்டுல ஒவ்வொரு வண்டியா முன்சீட்டுக் கதவைத் தொறந்து நூலைப் புடிச்சுப் பார்த்தேன். "இன்னா செல்வி, காருக்கெல்லாம் ஜாக்கெட் தைக்கப் போறியா?"ன்னாரு பாய்.

நூலுக்குச் சரியா இருந்தது ஒரே ஒரு வண்டி. பீரோவுக்குச் சக்கரம் வெச்ச மாதிரி குட்டையா, சதுரமா, மாம்பழமும் இல்லாம செங்கல்லும் இல்லாம ஒரு கலர்ல, போன வருஷத்துலருந்து யாரும் சீண்டாம மூலையில நின்னுச்சு. கதவு மட்டும் நல்லா அகலமாத் தொறக்கும். எடுத்துக்கிட்டுப் போய், கேட்டுக்குள்ளயே வாசப்படிகிட்ட நிறுத்தி, முன்பக்கத்து இடது கதவைத் தொறந்து வெச்சேன். "பாருப்பா, நான் போய் டீ போடறேன்"னுட்டு உள்ள போயிட்டேன். இத்தனை நாளும் அவரு தோளைப் புடிச்சுக்கிட்டே நின்னவ நான்.

அடுப்பைக்கூடப் பத்த வெக்கல. கோல் ரெண்டு தரம் தட்டுற சத்தம் கேட்டுச்சு, அப்புறம் ஒண்ணுமே கேக்கல. விழுந்துட்டாரோ? ஓடிப் போய்ப் புடின்னு காலு பரபரக்குது. போகக்கூடாதுன்னு சிங்க்கைப் புடிச்சுக்கிட்டு நிக்கிறேன். அப்ப பார்த்து எதிர்வீட்டு ஏழுமலை, "ஐயய்யோ மாமா, இருங்க, இருங்க, நான் தூக்கிவிடறேன்!"னு ஓடியாற சத்தம். அவ்ளோதான், நானும் வெளிய ஓடினேன்.

அப்பா சீட்டுல உக்காந்திருந்தாரு. முதுகைக் காட்டி, நாற்காலில உக்கார்ற மாதிரியே உக்காந்திருக்காரு. வலது காலு உள்ள போயிடுச்சு. வலது கையால வேட்டியோட சேர்த்து இடது காலைத் தூக்கி உள்ள வெச்சுக்கிட்டிருந்தாரு. நெத்தியெல்லாம் வேர்வை. எனக்குக் கண்ணுல தண்ணி முட்டிக்கிச்சு. ஏழுமலை ரெண்டு கையையும் நீட்டிக்கிட்டு நிக்கிறாரு. அப்பா கோலோட வளைவைக் கதவுல மாட்டினாரு. "தள்ளுடா ஏழுமலை, கதவைச் சாத்தணும். செல்வி, டீ கெடக்கட்டும், ஆஸ்பத்திரிக்கு வுடு வண்டிய!"

ஆகவே அப்பா அம்மாவுக்குக் கார் தேடற மக்களே, எங்க யார்டுக்கு வரும்போது மைலேஜ் கணக்கை வீட்டுல வெச்சுட்டு அவங்க உக்கார்ற நாற்காலியைத் தூக்கிட்டு வாங்க, கலர் சரியில்லாத வண்டி இன்னும் ரெண்டு மூணு பாய்கிட்ட நிக்குது.