நான் கேட்கப் போகாத ஈஸ்டர் பாட்டு

போன் வந்தபோது நான் மறைமலை நகரில் ஒரு கம்ப்யூட்டரின் முன்னால் எரிச்சலோடு உட்கார்ந்திருந்தேன். பழைய கம்பெனி சரவணன். "வேலையா இருக்கேன்ல, சாயங்காலம் கூப்பிடு" என்று பட்டென்று வைத்துவிட்டேன். பிறகு அவனிடமிருந்து ஒரு வரி வந்தது. பிலோமினா அக்கா மஞ்சள் காமாலையில் இறந்துவிட்டார். போன் விஷயத்தில் என் அவசரக் கை இன்னும் திருந்தவில்லை.

ஒரகடத்தில் கார் சீட் லைனில் அவரோடு வேலை பார்த்த உங்களுக்கு அவர் குரலைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை. கேன்டீன் வாசலில் நின்று "இன்னாபா, சாப்ட்டியா?" என்றால், பஸ்ஸில் ஏறியவன் இறங்கி வந்து பதில் சொல்வான். அவர் ஊர் மாதா கோவிலில் ஒரு வருஷம் ஈஸ்டருக்குத் தனியாகப் பாட ஒரு பாட்டு கொடுத்திருந்தார்கள். தவக்காலம் முழுக்க சீட்டுக்கு உறை மாட்டிக்கொண்டே அதை முணுமுணுத்தார். முழுசாகப் பாடச் சொன்னால், "ஈஸ்டர் அன்னிக்கு வந்து கேளு" என்பார்.

ஈஸ்டருக்கு முந்தின நாள், சனிக்கிழமை. அடுத்து எந்த சீட் என்று காட்ட லைனுக்கு மேலே தொங்குமே, அந்த ஸ்கிரீனில் எழுத்தைப் பெரிசாக்கச் சொன்னார் சூப்பர்வைசர். திங்கட்கிழமை வெளியாட்கள் பார்க்க வருகிறார்களாம். சிஸ்டம் பார்க்கிறவன் நான். "ஒரு நிமிஷ வேலை சார்" என்று எல்லோர் காதிலும் விழும்படி சொன்னேன். அது லினக்ஸ் கம்ப்யூட்டர். திரை அளவான ரெசல்யூஷனை மாற்றியதும் ஸ்கிரீன் கோடு கோடாகக் கிழிந்து, எழுத்து ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொண்டது. பதற்றத்தில் எண்டரைத் தட்டு தட்டென்று தட்டினேன். அங்கேதான் கெட்டது. 'இப்படியே வைத்துக்கொள்ளவா?' என்று அது கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது. சும்மா விட்டிருந்தால் கொஞ்ச நேரத்தில் தானாகப் பழையபடி திரும்பியிருக்கும். கோடுகளுக்குள் அந்தக் கேள்வி கண்ணுக்குத் தெரியாமலே 'ஆமாம்' என்று தட்டிவிட்டேன்.

லைன் நின்றால் கான்ட்ராக்ட் ஆளான என்னை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். பிலோமினா அக்கா ஆபீசிலிருந்து வரிசையைப் பேப்பரில் வாங்கிவந்து, பாகங்கள் வரும் பிளாஸ்டிக் கிரேட் ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு மேலே ஏறினார். "கருப்பு லெதர்! சாம்பல் துணி! மறுபடி சாம்பல்!" ஸ்க்ரூ முடுக்கும் ஏர் கன் சத்தத்தையும் மீறிக் கடைசி ஆள் வரைக்கும் கேட்டது.

"அக்கா, நாளைக்குப் பாட்டு இருக்குல்ல?" என்றேன்.

"லைன் நின்னாதான உன்னிய கேப்பானுங்க? நீ அத்த பாருபா, இத்த நான் பாத்துக்கறேன்."

நீங்களும் கத்திப் பார்த்தீர்கள், எடுபடவில்லை. அவர் காலடியில் கீபோர்டோடு உட்கார்ந்து, அந்தக் குரல் கம்மிக்கொண்டே போவதைக் கேட்டபடி சரிசெய்ய வழி தேடினேன். வெட்கத்தில் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. ஷிப்ட் முடியப்போகும்போதுதான் வழி கிடைத்தது. வெறும் எழுத்து மட்டும் வரும் கறுப்புத் திரைக்குப் போய், புது அளவைக் குறித்துவைத்திருந்த பைலை அழித்து, கம்ப்யூட்டரை மறுபடி கிளப்பினேன். ஸ்கிரீன் பளிச்சென்று வந்தது. எல்லோரும் கை தட்டினீர்கள். எனக்கு எங்காவது ஓடிவிடலாம்போல இருந்தது.

மறுநாள் கோவிலில் கடைசி பெஞ்சில் போய் நின்றேன். அந்தப் பாட்டையே விட்டுவிட்டார்கள். குழுவோடு நின்ற அக்கா வாயை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தார். வெளியே வந்து, வெறும் காற்றாக வந்த குரலில், "மூஞ்ச இன்னாத்துக்கு இப்டி வெச்சினு கீற? அடுத்த ஈஸ்டருக்குப் பாடிக்கலாம்" என்றார். அதிலிருந்து லைனில் யார் சண்டைக்குக் கிளம்பினாலும், "எண்டர் தட்டாதபா, தானா சரியாவும்" என்று சொல்லிச் சிரிப்பார்.

அடுத்த ஈஸ்டருக்குள் நான் கம்பெனி மாறியிருந்தேன். மறக்காமல் கூப்பிட்டார். ஓ.டி. இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். அவர் பாடினார். நான் போகவில்லை. சே, என்ன மனுஷன் நான்.

ஸ்கிரீன் கலங்கினால் இப்போது நான் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு காத்திருக்கிறேன். அக்கா எனக்கு விட்டுப்போனது அந்தப் பழக்கம். அடக்கத்தன்று அவர் தங்கை, "அக்காவோட பாட்டு" என்று சொல்லி அதைப் பாட எடுத்தாள். நீங்கள் எல்லோரும் சேர்ந்து பாடினீர்கள். அக்கா முணுமுணுத்துக் கேட்ட மெட்டுதான், எனக்கும் தெரியும். ஆனாலும் கடைசி பெஞ்சில் நின்று வாயை மட்டும் அசைத்தேன்.