உட்காரச் சொல்லிக் கொடுத்தவன் நான்தான்

அன்றைக்கே சொன்னேன், செல்வராணி ஒருநாள் நாற்காலியில் உட்கார்ந்து மற்றவர்களுக்கு வேலை கொடுப்பாள் என்று. யார் கேட்டார்கள்?

இன்று கலேவெல பஸ்ஸில் ஏறியதும் ஒரு பெண் எழுந்து, "உட்காருங்க அண்ணே" என்றாள். பார்த்தால் அதே செல்வராணி.

அவளை நான் முதலில் பார்த்தது போர்க்காலத்தில், வழியெல்லாம் சோதனைச் சாவடிகள் இருந்தபோது. யட்டவத்தப் பக்கத் தோட்டத் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்கு வேலை தேடிக் கொடுக்க இளைஞர் மன்றம் நடத்தினோம். பிள்ளைகள் கெட்டிக்காரர்கள். ஆனால் தோட்டத்தை நிர்வகிக்கும் துரைக்கு முன்னால் செருப்பைக் கழற்றி, கைகட்டி நின்றே வளர்ந்தவர்கள். இன்டர்வியூவில் "உட்காருங்க" என்றாலும் நிற்பார்கள். பயந்த பிள்ளை என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

அதனால் நான் கோட்டுப் போட்டு, துரையாக நடித்து, உட்காரப் பழக்கினேன். மாத்தளையே அதிர்ந்த நடிப்பு. அந்தக் கோட்டு இன்னும் வீட்டில் தொங்குகிறது.

செல்வராணி மட்டும் நின்றாள். "கால் மடங்க மாட்டேங்குது அண்ணே" என்று அழுதாள். இரண்டு இடத்தில் வேலை கைநழுவியது. பிறகு ஓர் ஆடைத் தொழிற்சாலையில் ஒருவழியாக உட்கார்ந்தாள். வேலையும் கிடைத்தது.

"இப்ப அங்க நான்தான் இன்டர்வியூ எடுக்கிறேன்" என்றாள் இன்று பஸ்ஸில். "இன்னமும் சில புள்ளைங்க நிக்குதுங்க அண்ணே."

"அப்ப என்ன செய்வ?"

"நானும் எழும்பி நிப்பேன். அப்புறம் ரெண்டு பேருமா உட்காருவோம்."

எனக்கே தோன்றாத யோசனை.

ஒரு திருத்தம். அவள் எழுந்து இடம் கொடுத்தது மட்டும் நான் சேர்த்தது. அவளுக்கே இடமில்லை. கலேவெல வரைக்கும் இரண்டு பேரும் நின்றுகொண்டுதான் பேசினோம். உங்களில் யாருக்காவது அந்த பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்ததுண்டா?